காம்பின் வழியே இறங்கிய செய்தி

கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் காலன், மூளையின் அடியில் தொங்கும் பட்டாணியளவுச் சுரப்பியைப் பற்றி எழுதும்போது, மூளையில் சேரும் கழிவுநீர் அதன் வழியே வடிந்து மூக்கில் சளியாக வெளியேறுகிறது என்று முடிவு கட்டினார். பதினாறாம் நூற்றாண்டில் வெசாலியஸ் அவ்வுறுப்பைக் குறிப்பிட்டபோதும் சளிக்குரிய லத்தீன் சொல்லையே பயன்படுத்தினார். பதினேழாம் நூற்றாண்டில் அக்கருத்து வீழ்ந்தது, பெயர் வீழவில்லை. பிட்யூட்டரி என்று இன்றும் நாம் அழைப்பது அந்தப் பழைய சளிச் சுரப்பியைத்தான்.

அந்தச் சுரப்பி ஒரு மெல்லிய காம்பினால் மூளையோடு இணைந்திருக்கிறது. காம்பு தொடங்கும் இடத்தில், மனிதனில் பாதாம் பருப்பளவே உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி இருக்கிறது. பசி, தாகம், உடல்வெப்பம் ஆகியவற்றோடு, ஓர் உயிர் எப்போது பூப்படைய வேண்டும், எப்போது கருமுட்டை வெளிப்பட வேண்டும் என்பதும் அங்கிருந்தே ஆளப்படுகிறது. இதை இன்று பள்ளிப் பாடநூல் இரண்டு வரிகளில் சொல்லிவிடுகிறது. அந்த இரண்டு வரிகள் எழுதப்படுவதற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளும், முயல், எலி, ஃபெரட், பன்றி, ஆடு, குரங்கு எனக் கணக்கிலடங்கா விலங்குகளும் தேவைப்பட்டன. இவ்வரலாற்றில் அறிஞர்கள் முட்டி நின்ற கேள்விகள் அடிப்படையில் இரண்டே: செய்தி எந்தத் திசையில் செல்கிறது? எத்தனை இடைவெளி விட்டுச் செல்கிறது? அவ்விரண்டையும் பின்தொடர்வதே இக்கட்டுரையில் நம் நோக்கம்.

*

1920களில் பிட்யூட்டரிக்கு முடிசூட்டு விழா நடந்தது எனலாம். அமெரிக்காவில் ஃபிலிப் ஸ்மித் எலிகளின் மூளைக்குச் சேதமில்லாமல் பிட்யூட்டரியை மட்டும் அகற்றும் அறுவைமுறையைக் கண்டார். அகற்றப்பட்ட எலிகளின் சினைப்பைகளும் விதைகளும் சுருங்கின. வேறு எலியின் பிட்யூட்டரித் திசுவை உள்ளே வைத்ததும் அவை மீண்டும் வளர்ந்தன. பெர்லினில் பெர்ன்ஹார்ட் சோண்டெக்கும் செல்மார் ஆஷ்ஹைமும் அதே காலத்தில் இதே முடிவை எட்டினர். இனப்பெருக்க உறுப்புகளை இயக்கும் ஹார்மோன்கள் பிட்யூட்டரியின் முன்மடலில் சுரக்கின்றன என்பது உறுதியாயிற்று. பின்னர் அவை எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற பெயர்களால் அறியப்பட்டன.

1930களின் தொடக்கத்தில் சிகாகோவின் கார்ல் மூரும் டாரதி பிரைஸும் இன்னொரு கண்ணியைச் சேர்த்தனர். சினைப்பையும் விதையும் சுரக்கும் ஹார்மோன்கள் இரத்தத்தில் திரும்பி வந்து பிட்யூட்டரியை அடக்குகின்றன என்றனர். மேலே ஒருவர் ஊட்டுகிறார், கீழே இருப்பவர் போதும் என்கிறார். கணக்கு இருவருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டில் மூளைக்கு வேலையே இல்லை.

ஆனால் முயல்கள் இந்தக் கணக்குக்கு ஒத்துவரவில்லை. பெண் முயலுக்கு மாதச் சுழற்சி கிடையாது. புணர்ச்சி நிகழ்ந்தால் சுமார் பத்து மணி நேரத்தில் கருமுட்டை வெளிப்படும், நிகழாவிட்டால் வெளிப்படாது. இதை வால்டர் ஹீப் 1905இலேயே எழுதியிருந்தார். புணர்ச்சிக்குப் பின் ஒரு மணி நேரத்துக்குள் பிட்யூட்டரியை அகற்றிவிட்டால் முட்டை வெளிப்படுவதில்லை என்றும், அந்த ஒரு மணி நேரம் கடந்துவிட்டால் அகற்றினாலும் வெளிப்பட்டுவிடுகிறது என்றும் 1929இல் ஃபீ, பார்க்ஸ் இருவரும் காட்டினர். அப்படியானால் தொடுகையும் உணர்வும் நரம்பு வழியே மூளைக்குச் சென்று, மூளையிலிருந்து ஏதோ ஒன்று அந்த ஒரு மணி நேரத்துக்குள் பிட்யூட்டரியைத் தட்டி எழுப்பியிருக்க வேண்டும்.

ஃபெரட்டும் இதையே சொன்னது. கீரியைப் போல நீண்ட உடல் கொண்ட அச்சிறு விலங்கு வசந்தத்தில்தான் சினைப்பருவம் எய்தும். குளிர்காலத்தில் கூண்டருகே விளக்கெரித்துப் பகலை நீட்டினால் முன்கூட்டியே அப்பருவம் வந்துவிடுவதை பிஸ்ஸொனெட் 1932இல் காட்டினார். வெளிச்சத்தைப் பார்ப்பது கண். கண்ணுக்கும் சினைப்பைக்கும் நடுவே மூளை இல்லாமல் வேறென்ன இருக்க முடியும்?

*

கேம்பிரிட்ஜில் இக்கேள்வியை நெடுங்காலம் சுமந்தவர், விலங்குகளின் இனப்பெருக்கம் குறித்துப் பெருநூல் எழுதிய எஃப்.எச்.ஏ. மார்ஷல். அவருடைய மாணவர் ஜெஃப்ரி ஹாரிஸ், 1937இல், தமது இருபத்து நான்காம் வயதில், முயலின் ஹைப்போதலாமஸை மின்சாரத்தால் தூண்டிக் கருமுட்டையை வெளிப்படச் செய்தார். பின்னாளில் முயலின் தலைத்தோலுக்கு அடியில் ஒரு கம்பிச் சுருளைப் பதித்து, மயக்க மருந்து இல்லாமல், வெளியிலிருந்தே அதைத் தூண்டும் முறையையும் அமைத்தார். அதில் தெரிந்தது ஒரு புதிர். ஹைப்போதலாமஸைத் தூண்டினால் முட்டை வெளிப்படுகிறது. பிட்யூட்டரியையே நேராகத் தூண்டினால் ஒன்றும் நிகழ்வதில்லை.

நரம்பின் வழியே செய்தி வருவதாயிருந்தால் பிட்யூட்டரியைத் தூண்டினாலும் பலன் இருந்திருக்க வேண்டும். அதோடு பிட்யூட்டரியின் பின்மடலுக்கு நரம்புகள் ஏராளம்; முன்மடலுக்கோ ஏறத்தாழ இல்லை. மூளையும் சுரப்பியும் விரலிடை தூரத்தில் இருக்கின்றன. நடுவே கம்பி இல்லை. பின் எப்படிப் பேசிக்கொள்கின்றன?

விடை அந்தக் காம்பில் இருந்தது. 1930இல் ருமேனியரான கிரிகோர் போப்பாவும் ஆஸ்திரேலியரான ஊனா ஃபீல்டிங்கும் லண்டனில் பணியாற்றியபோது, காம்பின் மீது ஓடும் நுண்ணிய இரத்தநாளங்களை விவரித்தனர். குடலின் இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டு செல்லாமல் நேரே கல்லீரலில் கொட்டும் நாளத்தைப் போல, இவையும் ஓர் உறுப்பின் இரத்தத்தை நேரே அடுத்த உறுப்பில் சேர்ப்பவை. கண்டது சரி, ஆனால் அவர்கள் திசையைத் தலைகீழாக வாசித்தார்கள். இரத்தம் சுரப்பியிலிருந்து மூளைக்கு ஏறுகிறது என்றார்கள். இறந்த உடலில் நாளங்களைப் பார்க்கலாம், ஓட்டத்தைப் பார்க்க முடியாது. வற்றிய ஆற்றின் மணலை மட்டும் பார்த்து நீர் எந்தப் பக்கம் ஓடியது என்று சொல்ல நேர்ந்ததைப் போன்ற நிலை அது.

உயிருள்ள தேரையில் இரத்தம் கீழ்நோக்கி ஓடுவதை அர்ஜென்டினாவின் ஹூசே குழுவினர் 1935இல் கண்டனர். அடுத்த ஆண்டு விஸ்லாக்கியும் கிங்கும் உடற்கூற்றுச் சான்றுகளால் அதையே கூறினர். 1940களின் இறுதியில் ஜான் கிரீனும் ஹாரிஸும் உயிருள்ள எலியின் காம்பை நுண்ணோக்கியின் கீழ் கொண்டுவந்து, சிவப்பணுக்கள் மூளையிலிருந்து சுரப்பியை நோக்கி இறங்குவதைக் கண்ணாலேயே பார்த்தனர். திசை தெரிந்துவிட்டது. மூளை ஏதோ ஒரு பொருளை அந்த இரத்தத்தில் கலந்துவிடுகிறது, அது சில மில்லிமீட்டர் இறங்கிச் சுரப்பியை இயக்குகிறது என்ற கருதுகோள் அங்கிருந்து பிறந்தது.

*

கருதுகோளை ஏற்பதற்குத் தடையாக நின்றது, காம்பை வெட்டிச் செய்த சோதனைகளின் முரண்பாடு. சிலர் வெட்டிய விலங்குகள் மலடாயின. வேறு சிலர் வெட்டியவை நலமாக ஈன்றன. ஹாரிஸ் இதன் காரணத்தைக் கண்டுபிடித்தார்: வெட்டப்பட்ட நாளங்கள் மீண்டும் வளர்ந்து இணைந்துகொள்கின்றன. அவர் வெட்டிய இடத்தில் மெழுகுத்தாளின் சிறு துண்டை இடையே செருகினார். தாள் தடுத்த எலிகளில் சினைப்பை சுருங்கியது. நாளங்கள் மீண்டும் வளர்ந்த எலிகளில், வளர்ந்த அளவுக்கேற்பச் செயல் திரும்பியது. முந்தைய ஆய்வாளர்களின் முரண்பாடு முழுவதும் ஒரு தாள் துண்டில் தீர்ந்துபோனது.

1952இல் அவரும் டோரா யாகப்ஸோனும் வெளியிட்ட சோதனை இதைவிடத் தெளிவானது. யாகப்ஸோன் நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறி ஸ்வீடனின் லுண்டில் பணியாற்றியவர். இருவரும் பெண் எலிகளின் பிட்யூட்டரியை அகற்றிவிட்டு, வேறு பிட்யூட்டரித் திசுவை மூளைக்கடியில் இரண்டு இடங்களில் நட்டனர். சில எலிகளில் ஹைப்போதலாமஸுக்கு நேர் கீழே; வேறு சிலவற்றில் சற்றுத் தள்ளி, மூளையின் பக்கவாட்டு மடலுக்குக் கீழே. பக்கவாட்டில் நட்ட திசு உயிரோடிருந்தும் பயனற்றுக் கிடந்தது. ஹைப்போதலாமஸுக்குக் கீழே நட்ட திசுவுக்குள் காம்பின் நாளங்கள் வளர்ந்தன. எலிகள் மீண்டும் சுழற்சிக்கு வந்தன, இணைசேர்ந்தன, குட்டி ஈன்றன, பால் கொடுத்தன. நடப்பட்டது ஆண் எலியின் பிட்யூட்டரியாக இருந்தபோதும் அது பெண்ணின் சுழற்சிக்கே பணிந்தது. சுரப்பிக்கு ஆண் பெண் வேற்றுமை இல்லை; வேற்றுமை மூளையிலிருந்து வருகிறது. அரசன் என்று கருதப்பட்ட பிட்யூட்டரி இந்தச் சோதனைக்குப் பிறகு ஏவலாளாகத் தோன்றலாயிற்று.

*

எதிர்ப்பு பர்மிங்ஹாமிலிருந்து வந்தது. சாலி சுக்கர்மன் சாதாரணர் அல்லர். குரங்குகளின் சமூக வாழ்வைப் பற்றி 1932இல் எழுதிய நூலால் புகழ்பெற்றவர். போர்க்காலத்தில் குண்டுவீச்சின் விளைவுகளை ஆராய்ந்தவர். பின்னாளில் பிரிட்டிஷ் அரசின் தலைமை அறிவியல் ஆலோசகராக இருந்தவர். அவரும் தாம்ஸனும் ஃபெரட்களின் காம்பை வெட்டி, வெளிச்சத்தால் அவை சினைப்பருவம் எய்துகின்றனவா என்று பார்த்தனர். நாளங்கள் மீண்டும் இணையாமலேயே பருவமெய்திய விலங்கு தம்மிடம் இருப்பதாக 1950களின் முற்பகுதியில் அறிவித்தனர். ஒரு கோட்பாட்டைக் கவிழ்க்க ஒரு விலங்கு போதும் என்பது அவர்கள் வாதம்.

தர்க்கத்தில் அதில் பிழையில்லை. எத்தனை வெள்ளைக் கொக்குகளைக் காட்டினாலும் ஒரு கருங்கொக்கு வந்துவிட்டால் கதை முடிந்தது. ஆனால் வந்தது கருங்கொக்குதானா என்று பார்க்கும் கடமையும் இருக்கிறது. ஹாரிஸும் டொனவனும் அதே ஃபெரட்டில் சோதனையைத் திரும்பச் செய்தனர். தடுப்புத் தகட்டைச் சரியாகப் பொருத்தி, ஒவ்வொரு விலங்கின் நாளங்களையும் சாயம் செலுத்திச் சோதித்து, நாளங்கள் இணையாதவரை வெளிச்சம் பயன்படவில்லை என்று காட்டினர். 1955இல் ஹாரிஸ் தமது ஆய்வுகளையெல்லாம் தொகுத்து எழுதிய நூல், இத்துறையின் அடிப்படை நூலாக நிலைபெற்றது. சுக்கர்மனோ இருபது ஆண்டுகளுக்குப் பின்பும் தமது ஐயத்தைக் கைவிடவில்லை.

இந்தச் சச்சரவை ஒருவர் வென்றார், ஒருவர் தோற்றார் என்று மட்டும் படிப்பது குறைவான வாசிப்பு என்று நமக்குத் தோன்றுகிறது. இத்தனை நுணுக்கமாகத் தகட்டைப் பொருத்தவும் நாளங்களை எண்ணவும் ஹாரிஸை நிர்ப்பந்தித்தது சுக்கர்மனின் ஐயம்தான். நாளங்கள் இருக்கின்றன, திசையும் தெரிகிறது. ஆனால் அவற்றில் இறங்கும் பொருளை எவரும் கண்டதில்லை. அதைக் கையில் எடுத்துக் காட்டும்வரை ஐயப்படுவோருக்கும் இடமிருந்தது.

*

கையில் எடுத்துக் காட்டும் முயற்சி அமெரிக்காவுக்கு இடம் மாறியது. 1960இல் சாமுவேல் மக்கான் குழுவினர், எலியின் ஹைப்போதலாமஸ் சாறு எல்.எச். சுரப்பைத் தூண்டுவதைக் காட்டினர். சாற்றிலிருந்து அந்தப் பொருளைப் பிரிப்பதில் இருவர் முனைந்தனர். ஒருவர் பிரான்ஸின் டிஜோனில் பிறந்த ரோஜே கியமேன். மற்றவர் அன்று போலந்தைச் சேர்ந்த வில்னோவில் பிறந்த ஆண்ட்ரூ ஷாலி. இருவரும் ஹூஸ்டனில் சில ஆண்டுகள் ஒன்றாகவே உழைத்து, 1962இல் பிரிந்தனர். பிறகு ஒருவர் செம்மறி ஆட்டோடும் ஒருவர் பன்றியோடும் போட்டியிட்டனர். கியமேன் ஐம்பது லட்சம் ஆட்டு ஹைப்போதலாமஸ் துண்டுகளைச் சேகரித்தார். நியூ ஆர்லியன்ஸில் ஷாலிக்கு இறைச்சி நிறுவனமான ஆஸ்கர் மேயர் பன்றி மூளைப் பகுதிகளை அளித்தது. வேண்டிய பொருளின் அளவு அத்தனை அற்பம்.

ஆண்டுகள் கழிந்தும் பொருள் அகப்படாததால், நிதி நின்றுவிடும் என்ற நிலை வந்தது. 1969இல் தைராய்டு தொடர்பான முதல் ஹைப்போதலாமஸ் ஹார்மோனின் அமைப்பை இரு குழுவினரும் அடுத்தடுத்துக் கண்டபோதுதான் துறைக்கு மூச்சு வந்தது. 1971இல் ஷாலியின் குழுவிலிருந்த ஹிசாயுகி மட்சுவோ, யோஷிஹிகோ பாபா, அகிரா அரிமுரா ஆகியோரின் உழைப்பால், சுமார் 1,60,000 பன்றிகளின் ஹைப்போதலாமஸிலிருந்து இனப்பெருக்கத்துக்குரிய ஹார்மோனின் அமைப்பு வெளிப்பட்டது: பத்து அமினோ அமிலங்கள் கொண்ட சிறு சங்கிலி. ஆட்டிலும் அதே பத்துதான் என்பது விரைவில் தெரிந்தது. எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் அதுவே விடுவித்தது. இன்று அதை ஜி.என்.ஆர்.எச். என்கிறோம்.

அதே 1971 நவம்பரில் ஹாரிஸ் ஐம்பத்தெட்டு வயதில் காலமானார். 1977இல் நோபல் பரிசு கியமேனுக்கும் ஷாலிக்கும், ஹார்மோன்களை நுண்ணளவில் அளக்கும் முறையைக் கண்ட ரோஸலின் யேலோவுக்கும் கிடைத்தது. இறந்தவருக்கு அப்பரிசு இல்லை. போட்டியிட்ட இருவருக்கும் நீண்ட ஆயுள் வாய்த்தது. கியமேன் நூறு வயதிலும் ஷாலி தொண்ணூற்றேழு வயதிலும், இருவரும் 2024இல், எட்டு மாத இடைவெளியில் மறைந்தனர்.

*

பொருள் கிடைத்துவிட்டது, இனி ஊசியில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி என்று எண்ணியவர்களுக்கு அதிர்ச்சி காத்திருந்தது. அதற்கான குறிப்பு முன்பே வந்திருந்தது. 1950இல் ஜான் எவரெட்டும் சார்லஸ் சாயரும், எலியின் சுழற்சியில் உரிய நாளில் பிற்பகல் இரண்டு மணிக்கு முன் பார்பிட்யூரேட் மயக்க மருந்து கொடுத்தால் அன்றிரவு முட்டை வெளிப்படாமல் ஒரு முழுநாள் தள்ளிப்போவதைக் கண்டனர். நான்கு மணிக்குப் பின் கொடுத்தால் ஒரு மாற்றமும் இல்லை. மூளை கடிகாரம் பார்த்தே செய்தி அனுப்புகிறது என்பது அப்போதே தெரிந்தது.

பிட்ஸ்பர்க்கில் எர்ன்ஸ்ட் நோபில், ரீசஸ் குரங்குகளில் காலத்தின் பங்கை அளந்தார். சினைப்பை நீக்கப்பட்ட குரங்குகளின் இரத்தத்தில் எல்.எச். சீராக ஓடாமல், ஏறத்தாழ மணிக்கொரு முறை எழுந்து தணிவதை அவர் குழுவினர் 1970இல் கண்டனர். 1978இல் வந்த சோதனை இவ்வரலாற்றின் இரண்டாம் திருப்பம். ஹைப்போதலாமஸின் குறிப்பிட்ட பகுதியை அழித்து, மூளையின் குரலை முற்றிலும் நிறுத்திய குரங்குகளுக்கு ஜி.என்.ஆர்.எச்.சை வெளியிலிருந்து செலுத்தினர். இடைவிடாமல் செலுத்தியபோது எல்.எச். எழவில்லை. எத்தனை அளவு கூட்டியும் பயனில்லை. மணிக்கு ஆறு நிமிடம் மட்டும் செலுத்தி மீதி நேரம் நிறுத்தியபோது எல்.எச். எழுந்தது. மீண்டும் இடைவிடாமல் செலுத்தினால் அடங்கியது. பின்னர் இதே மணிக்கணக்கு மாறாமல் செலுத்தப்பட்ட குரங்குகளில் மாதச் சுழற்சியும் கருமுட்டை வெளிப்படுதலும் இயல்பாக நிகழ்ந்தன.

பொருள் ஒன்றேதான்; விட்டு விட்டு வந்தால் ஆக்குகிறது, விடாமல் வந்தால் அடக்குகிறது. தாளம் என்பது அடியில் பாதி, அடிக்கும் அடிக்கும் நடுவே விடும் இடத்தில் பாதி என்பதை இசையறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓயாமல் பேசுபவரின் பேச்சு காதில் ஏறுவதில்லை. பிட்யூட்டரியின் அணுக்களும் அப்படித்தான், ஓயாத செய்திக்குச் செவி மூடிக்கொள்கின்றன.

இந்த ஓர் உண்மையிலிருந்து இரண்டு மருத்துவங்கள் பிறந்தன. 1980இல் ஜெர்மனியில் லையன்டெக்கர் குழுவினர், மாதவிலக்கு நின்றுபோன பெண்களுக்கு இடுப்பில் கட்டிக்கொள்ளும் சிறு பம்பினால் விட்டு விட்டு ஜி.என்.ஆர்.எச். செலுத்திக் கருவுறச் செய்தனர். 1982இல் பாஸ்டனில் ஹாஃப்மனும் கிரவுலியும், பூப்படையாமலே வளர்ந்துவிட்ட ஆண்களுக்கு இதே முறையால் பருவத்தைத் தந்தனர். மறுபுறம், இடைவிடாத தூண்டல் அடக்கும் என்பதால், அந்த ஹார்மோனின் வலுவான செயற்கை வடிவங்களை நீடித்துச் செலுத்தி, புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஊட்டமளிக்கும் ஆண் ஹார்மோனை நிறுத்தலாயினர். அவற்றுள் ஒன்றான லூப்ரோலைட் அமெரிக்காவில் 1985இல் ஒப்புதல் பெற்றது. உரிய வயதுக்கு முன்பே பூப்படையும் சிறுமியருக்கும், சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு நாடும் தாய்மாருக்கும் இன்று தரப்படும் மருந்துகளில் சில இந்த வம்சத்தைச் சேர்ந்தவை.

*

மணிக்கொரு முறை அடிப்பவர் யார் என்ற கேள்வி எஞ்சியது. 2003இல் பாரிஸிலும் பாஸ்டனிலும் இரு குழுவினர், பூப்படையாத குடும்பங்களின் மரபணுக்களைத் தேடியபோது கிஸ்பெப்டின் என்னும் பொருளின் ஏற்பியில் பழுது இருப்பதைக் கண்டனர். அந்த ஏற்பி இல்லாத சுண்டெலிகளும் பூப்படையவில்லை. கிஸ்பெப்டினைத் தரும் மரபணு 1996இல் பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரில் புற்றுநோய் ஆய்வின்போது கிடைத்தது. அவ்வூரில் செய்யப்படும் ‘கிஸ்’ சாக்லேட்டின் பெயரையே அதற்கு வைத்தார்கள். இந்தப் பொருளைச் சுரக்கும் சிறு நரம்பணுக் கூட்டம்தான் தாளத்தை அடிக்கிறது என்பதை 2017இல் சுண்டெலியின் மூளைக்குள் ஒளியிழை செலுத்தி ஹெர்பிசன் குழுவினர் காட்டினர்.

ஜி.என்.ஆர்.எச்.சைச் சுரக்கும் நரம்பணுக்கள் சுண்டெலியின் மூளையில் மொத்தமே ஏறத்தாழ எண்ணூறு. அவை பிறப்பது மூளையில் அல்ல என்பது 1989இல் தெரிந்தது. கருவிலுள்ள சுண்டெலியின் மூக்கு உருவாகும் இடத்தில் அவை தோன்றி, வாசனை நரம்பின் வழியே ஊர்ந்து மூளைக்குள் போய்ச் சேர்கின்றன. இந்தப் பயணம் தடைப்படும்போது பூப்பும் இல்லை, மணமும் இல்லை. மனிதரில் அது கால்மன் நோய்க்குறி எனப்படுகிறது. பாஸ்டனில் பம்பு கட்டிக்கொண்டவர்களில் அக்குறை உடையவர்களும் இருந்தனர். மூளையின் அடிப்பகுதிக்கும் மூக்குக்கும் ஒரு வழி உண்டு என்ற காலனின் கூற்று, திசை மட்டும் மாறி, ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் இப்படித் திரும்பி வந்தது.

இவ்வளவையும் சொன்னபின் கூண்டுகளைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பன்றிகளும் ஆடுகளும் எப்படியும் இறைச்சிக்குப் போனவை. முயலும் எலியும் ஃபெரட்டும் குரங்கும் இந்தக் கேள்விகளுக்காகவே அறுக்கப்பட்டவை. அக்காலத்தில் அமெரிக்க ஆய்வுக்கூடங்களுக்கு ரீசஸ் குரங்குகளைப் பெருமளவில் அனுப்பிய நாடு இந்தியா. ஆயுதக் கதிர்வீச்சுச் சோதனைகளுக்கு அவை பயன்படுத்தப்பட்ட செய்தி எழுந்தபின், 1978இல் ஏற்றுமதியை நிறுத்தியது. நோபிலின் முடிவுரை வெளியான ஆண்டும் அதுவே. அந்தக் குரங்குகளின் மூளையில் ஒரு பகுதி அழிக்கப்பட்டதால் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது என்பது உண்மை. அவற்றிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை என்பதும் அதே அளவு உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர்களை நாம் நம்ப வேண்டியதில்லை.

பாடநூலின் அந்த இரண்டு வரிகளை அடுத்த முறை படிக்கும்போது, ஒரு மெழுகுத்தாள் துண்டையும், மணிக்கு ஆறு நிமிடம் ஓடி நின்ற ஒரு பம்பையும் அவற்றின் அருகே வைத்துப் படிக்கலாம்.